சாம்பிராணி நேரத்து ஏஸி

சர்ஃபராஸ் வாங்கிய ஏஸி புதுசு இல்லை. க்யிம்யிண்டைங் சந்தைக்குப் பின்னால் பழைய சாமான் விற்கிற கடையில் மூன்று நாள் போய்ப் போய்ப் பேரம் பேசி வாங்கியது. யாரோ பணக்காரர் வீட்டில் எட்டு வருஷம் ஓடித் தேய்ந்த சாமான். அதை நாலாவது மாடிக்கு அவனே முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தான். வெளியே மாட்டும் பெட்டி ஒரு நடை, உள்ளே மாட்டும் பெட்டி ஒரு நடை. அலோன் கப்பல் துறையில் இருபத்திரண்டு வருஷமாக உளுந்து மூட்டை தூக்குகிறவன், ஏஸியை ஏற்றக் கூலி கொடுத்தான் என்று வெளியே தெரிந்தால் அப்புறம் துறையில் தலைகாட்ட முடியாது.

ஏஸி அவனுக்காக இல்லை. கப்பலின் அடியறையில் வெந்து பழகிய உடம்புக்குச் சித்திரை வெயில் ஒரு பொருட்டே இல்லை. தங்கை இன்ஷாவுக்காக வாங்கினான். வாப்பா துறையிலேயே விழுந்து இறந்தபோது அவனுக்குப் பதினாறு, அவளுக்கு நாலு. உம்மாவும் இரண்டு வருஷத்தில் பின்னாலேயே போய்விட்டாள். அன்றிலிருந்து அவன்தான் அவளுக்கு எல்லாம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்றால், இன்ஷாவுக்குப் பிறந்த வீடு என்பது அந்த நாலாவது மாடி ஒற்றை அறைதான். பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழித்துத்தான் புருஷன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதில் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது என்று அவன் மனசில் இருந்தது.

புருஷன் ஹஸ்ஸான் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். அவனுடைய வாப்பா அப்துல் சமது க்யிம்யிண்டைங்கில் கைலி மொத்தக்கடை வைத்திருப்பவர். கெட்ட மனுஷன் இல்லை. போன கோடையில் மூத்த மகளின் கைக்குழந்தை சூடு தாங்காமல் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்ததை அவர் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஏஸி ஓடுற வீடா இருந்தா நாப்பது வரைக்கும் இருக்கட்டும் தம்பி," என்று இன்ஷாவுக்குப் பிரசவமான ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டார். "ஓடலன்னா நான் வண்டி எடுத்துக்கிட்டு வந்துருவேன். எங்க வீட்டுல சொந்த ஜெனரேட்டர் இருக்கு. நீ மனசுல வச்சுக்கக் கூடாது."

சர்ஃபராஸ் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. ஏஸி வாங்கினான்.

வாங்கினால் போதுமா? ஓட மின்சாரம் வேண்டாமா? அரசாங்க மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்பது அதை அனுப்புகிறவர்களுக்கே தெரியாது. வந்தால் தெருவே பர்மிய மொழியில் "மீ லா ப்யி", கரண்டு வந்துருச்சு என்று கத்தும். போனால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அதனால் அந்தத் தெருவில் ஆறு கட்டடங்களுக்குச் சேர்த்து ஒரு தனியார் கம்பெனி, மொட்டை மாடிகளில் சூரியத் தகடும் தெருமுனையில் பெரிய பேட்டரியும் வைத்து லைன் கொடுத்துக்கொண்டிருந்தது. பகலில் தொல்லை இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் வீடு திரும்பி எல்லா ஏஸியையும் போட்டால் பேட்டரி படுத்துவிடும். அதற்குக் கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. அதைச் சொல்ல வந்தவன் செந்தில். தாகேதா பேட்டைக்காரன்; கம்பெனியில் லைன் வேலை பார்க்கிறவன். படித்த உத்தியோகக்காரர்களை ஊரே "சயா" என்று கூப்பிடுவதால் சர்ஃபராஸும் அப்படித்தான் கூப்பிட்டான்.

"சாயங்காலம் ஆறுல இருந்து ஒம்போது வரைக்கும் ஒங்க ஏஸிக்கு நாங்கதான் எஜமான் அண்ணே," என்றான் செந்தில். கையில் சோப்புப்பெட்டி அளவுக்கு, முகப்பில் எண் மின்னுகிற ஒரு வெள்ளைப் பெட்டி. "நீங்க இருபத்திரண்டுல வச்சிருந்தாலும் இருபத்தெட்டுக்கு ஏத்திருவோம். அதுக்குப் பதிலா பில்லுல மூணுல ஒரு பங்கு கழிச்சிருவோம். சேரலன்னா அந்த நேரத்துல லைட்டு, ஃபேன் மட்டுந்தான்."

"என் வீட்டு ஏஸிய நீ எங்கேயோ ஒக்காந்து திருகுவே."

"நான் திருகல. கம்ப்யூட்டர் திருகும்."

"அது எனக்கு என்ன உறவு, என் வீட்டுக்குள்ள கைய விட?"

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஸமீரா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் சர்ஃபராஸின் மனைவி. தையல் ஆலையில் நாலரை மணி வரை மிஷின் மிதிக்கிறவள். ஏஸி வந்த நாளிலிருந்தே அவளுக்கும் அதற்கும் ஆகவில்லை. பெற்று இரண்டு வாரம்கூட ஆகாத பச்சை உடம்புக்காரிக்குக் குளிர்காற்றா என்று, இன்ஷாவின் காதில் பஞ்சு, தலையில் குல்லா, காலில் காலுறை எல்லாம் மாட்டித்தான் ஏஸியைப் போடவே விடுவாள்.

"சயா, சூட்ட ஏத்திவிட்டு நீங்களே காசும் கழிக்கிறீங்களா?"

"ஆமாக்கா."

"நாங்கல்ல ஒங்களுக்குக் குடுக்கணும்." புருஷன் பக்கம் திரும்பினாள். "கையெழுத்தப் போடுங்க. மனசு மாறிறப் போறான்."

அவன் கையெழுத்துப் போட்டான். செந்தில் இன்னொரு நிபந்தனையும் சொன்னான். பெட்டி அறையின் சூட்டை அளந்துகொண்டே இருக்கும். முப்பத்திரண்டுக்கு மேல் போனால், வீட்டில் குழந்தையோ நோயாளியோ இருக்கலாம் என்று ஏஸியை முழு வேகத்தில் அவிழ்த்துவிடும். சில பேர் வேண்டுமென்றே சன்னலைத் திறந்துபோட்டு இந்தச் சலுகையைத் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொள்கிறார்கள். அதனால் ஒரே மாசத்தில் மூன்று தடவை அப்படி ஆனால், அந்த வீட்டைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள்.

"எங்க வீட்டுல சன்னலே ஒண்ணுதான்," என்றான் சர்ஃபராஸ். "எங்க மாட்டப் போற இத?"

"நீங்க சொல்லுங்க."

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். "தொட்டிலுக்கு மேல, அந்தச் செவத்துல மாட்டு. புள்ளைக்கு என்ன சூடுன்னு அதுக்குத் தெரியட்டும்."

"நல்ல யோசனை," என்றான் செந்தில். கட்டையடித்து, திருகு முடுக்கி, மேலே ஒரு ஈய முத்திரையும் வைத்துவிட்டுப் போனான். அது ஒரு புதன்கிழமை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்ஃபராஸின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. முதல் மீறல். அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொன்று. இரண்டாவது மீறல், இன்னும் ஒன்று ஆனால் சேர்க்கை ரத்து. பர்மிய எழுத்தில் நீளமாக இருந்ததை இன்ஷாதான் படித்துச் சொன்னாள். இரண்டு தடவையும் அவன் அந்த நேரத்தில் வீட்டில் இல்லை. விடியலில் துறைக்குப் போய் மத்தியானம் திரும்புகிறவன், ஒரு தூக்கம் போட்டுவிட்டு ஐந்தரைக்கெல்லாம் கீழே டீக்கடைக்குப் போய்விடுவான். ஒற்றை அறையில் பொம்பளைகள் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற நேரத்தில் ஆம்பளைக்கு என்ன வேலை?

"சாயங்காலம் ஏஸிக்கு என்ன ஆச்சு?" என்று ஸமீராவைக் கேட்டான்.

"என்ன ஆச்சா? பேய் புடிச்ச மாதிரி ஊதுச்சு. இருபத்தெட்டுன்னு சொன்னான் ஒங்க சயா. பல்லோட பல்லு அடிக்குது. நான் புள்ளைய மூடுவனா, இவள மூடுவனா? போன வெள்ளிக்கிழமையும் இப்படித்தான்."

விஷயம் பிடிபட்டுவிட்டது என்று சர்ஃபராஸ் நினைத்தான். கம்பெனிக்காரன் சேர்த்துக்கொள்கிற மாதிரிச் சேர்த்துக்கொண்டு, தானே ஏஸியை அவிழ்த்துவிட்டு, மூன்று மீறல் என்று வெளியே தள்ளப் பார்க்கிறான். கூலிக்காரனுக்குக் கழிவு கொடுக்க யாருக்கு மனசு வரும்? துறையில் இது பழைய வித்தை. மூட்டையை ஈரத்தில் இறக்கிவைத்துவிட்டு, நனைந்த மூட்டை என்று கூலி பிடிக்கிற மேஸ்திரிகளை அவன் பார்க்காததா?

வியாழக்கிழமை துறையிலிருந்து வந்த வேகத்தில், உளுந்துத் தூசியைக்கூடத் தட்டாமல், தெருமுனையில் இருந்த கம்பெனி அறைக்குப் போனான். செந்தில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"சயா சாப்புடுறீங்க. சாப்புடுங்க. அடுத்தவன் பில்லுல கழிக்காம மிச்சம் பிடிச்ச சோறு, நல்லா செமிக்கும்."

"அண்ணே, ஒக்காருங்க."

"ஒக்கார வரல. ஆறு மணிக்கு எங்க வீட்டு ஏஸிய நீ எதுக்கு முழுசா ஓட்டுறே?"

"நான் ஓட்டல அண்ணே."

"கம்ப்யூட்டர் ஓட்டுது. தெரியும். அவனக் கூப்புடு, அவன்கிட்டயே பேசிக்கிறேன்."

செந்தில் கோபப்படவில்லை. இடது கையால் போனை எடுத்துத் தடவி ஒரு படத்தைக் காட்டினான். ஒரு கோடு. நாள் முழுக்கத் தரையோடு தரையாக வந்த கோடு, ஆறு மணி பத்து நிமிஷத்துக்குத் தென்னை மரம் மாதிரி நெட்டுக்கு ஏறியது. மேலேயே நின்றது. ஏழு மணிக்குத்தான் இறங்கியது.

"இது வெள்ளிக்கிழமை. இது செவ்வாய்க்கிழமை. முப்பத்தேழு டிகிரி அண்ணே. மத்த நாளெல்லாம் பாருங்க, ஒண்ணுமே இல்ல. அந்த ரெண்டு நாளும் அந்நேரம் ரூமுக்குள்ள அடுப்பு மூட்டுனீங்களா?"

"தொட்டிலுக்குக் கீழ எவனாவது அடுப்பு மூட்டுவானா? என்ன பேச்சுப் பேசுறே."

சொல்லிவிட்டு அப்படியே நின்றான். செவ்வாயும் வெள்ளியும். தலைக்கு ஊற்றுகிற நாள்.

பெஞ்சில் உட்கார்ந்தான்.

"என்னண்ணே?"

"சாம்பிராணி," என்றான் சர்ஃபராஸ்.

அது இப்படி நடந்திருந்தது. ஸமீரா ஆலையிலிருந்து வந்து, பிள்ளையைத் தலைக்கு ஊற்றி, சட்டியில் கங்கு அள்ளி வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துச் சாம்பிராணி போடுவாள். முடி காயவேண்டும், சளி பிடிக்கக் கூடாது. சூடு மேலே ஏறும். மேலே பெட்டி. முப்பத்தேழா, ஐயோ குழந்தை என்று அது ஏஸியை அவிழ்த்துவிடும். ஏஸி குளிரை வாரிக் கொட்டும். பச்சை உடம்புக்குக் குளிருதே என்று ஸமீரா இன்னும் இரண்டு கங்கைப் போட்டுச் சட்டியை இன்ஷாவின் கட்டில்பக்கம் நகர்த்துவாள். கட்டிலும் அதே சுவர் ஓரம்தான். பெட்டி இன்னும் பயந்து ஏஸியை இன்னும் விரட்டும். ஒரு மணி நேரம் சட்டியும் பெட்டியும் ஒன்றையொன்று பார்த்துப் பயந்துகொண்டே மல்லுக்கட்டியிருக்கின்றன.

செந்தில் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சோற்றை மூடிவைத்தான். "பெரிய பெரிய இன்ஜினியருங்க உக்காந்து யோசிச்ச பொட்டிண்ணே அது. சாம்பிராணிய யோசிக்கல."

"அத வேற செவத்துக்கு மாத்து."

"முத்திரை ஒடைக்க ஆபீஸ்ல எழுதி வாங்கணும். நாளைக்கு எனக்குத் தாகேதாவுல வேலை. சனிக்கிழமை காலைல வந்துர்றேன்."

"நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை."

"ஒரு நாளைக்குச் சாம்பிராணிய நிறுத்தி வைங்கண்ணே. இல்ல, ஏஸி மெயின் சுவிட்ச அமத்திருங்க. ஏஸியே ஓடலன்னா மீறல் எங்க இருந்து வரும்? எங்களுக்கும் சந்தோஷம்."

எளிய வழிதான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேரனைப் பார்க்க வருவதாக அப்துல் சமது சொல்லியிருந்தார். ஏஸி ஓடுகிறதா என்று பார்க்கத்தான் வருகிறார் என்பது சொல்லாமலே தெரியும். வண்டியும் கூடவே வரும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஸமீராவிடம் மெல்ல ஆரம்பித்தான். "நாளைக்குத் தலைக்கு ஊத்த வேணாம்."

"ஏன்?"

சொன்னான். அவள் சட்டியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெட்கம் வந்தது, அதை மறைக்கக் கோபம் வந்தது. "புள்ளையோட வாப்பாவப் பெத்தவரு வர்றப்ப, எண்ணெய் வழியுற தலையோட காட்டவா? சாம்பிராணி வாசம் இல்லாத புள்ள பெத்த வீடான்னு நாளைக்கு அவங்க வீட்டுப் பொம்பளைங்க பேசுவாங்க. ஒங்களுக்கென்ன, நீங்க டீக்கடையில இருப்பீங்க."

"அடுப்படிக்குப் போயி போடு."

"மீன் நாத்தத்துலயா?"

இன்ஷா கட்டிலில் படுத்தபடி பஞ்சு அடைத்த காதோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "காக்கா, அந்தப் பொட்டிக்கும் ஒரு குல்லா மாட்டிவிடேன்," என்றாள் அண்ணனிடம். யாரும் சிரிக்கவில்லை. மூடினால் அதுவும் மோசடி என்று கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவன் டீக்கடைக்குப் போகவில்லை. ஐந்தே முக்காலுக்கு அப்துல் சமது நாலு மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கையில் ஒரு டின் பால்மாவும் அட்டைப்பெட்டியில் நாலு குட்டிச் சட்டையும். ஏஸிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தலையைத் துடைத்து, "நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றார். தெருவைப் பார்த்தார். கீழே அவர் வண்டி நின்றது. திறந்திருந்த கதவு வழியே பின் சீட்டில் ஒரு தலையணை வைத்திருந்ததை சர்ஃபராஸ் மேலேயிருந்தே பார்த்துவிட்டான்.

ஸமீரா பிள்ளையைத் தலைக்கு ஊற்றித் துண்டில் சுற்றி இன்ஷாவின் மடியில் கொடுத்தாள். அடுப்படிக்குப் போனாள். கங்கைக் கிளறுகிற சத்தம் கேட்டது. சட்டியோடு வாசலில் வந்து நின்று புருஷனைப் பார்த்தாள்.

"போடும்மா, போடு," என்றார் அப்துல் சமது. "பேரனுக்குச் சாம்பிராணி போட்டுப் பாக்கத்தானே இந்நேரத்துக்கு வந்தேன்."

சர்ஃபராஸ் எழுந்து போய் ஏஸியின் மெயின் சுவிட்சை அமர்த்தினான்.

ஏஸி ஒரு முனகலோடு நின்றது. அறை சட்டென்று அமைதியானது. "கரண்டு போச்சா?" என்று பெரியவர் அண்ணாந்து பார்த்தார். போச்சு மாமா என்று சொல்லிவிடலாம். இந்த ஊரில் இதைவிடச் சுலபமான பொய் கிடையாது. யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் கரண்டு போகிற வீடு என்று ஆகிவிட்டால் தங்கச்சியும் கூடவே போய்விடுவாள். தவிர, தலைக்கு மேல் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"போகல மாமா. நான்தான் நிறுத்துனேன்."

"ஏன் தம்பி?"

அவன் சுற்றிவளைக்கவில்லை. கம்பெனி, கழிவு, இருபத்தெட்டு, பெட்டி, சட்டி, இரண்டு மீறல், எல்லாவற்றையும் மூட்டையை இறக்குவது மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிவைத்தான். "இன்னைக்கும் அது கத்துனா நாளையில இருந்து சாயங்காலம் எங்க வீட்டுல ஏஸி கெடையாது. தலைக்கு ஊத்துற நாள்ல ஒரு மணி நேரம் ஏஸி நிக்கும் மாமா. பொட்டிய நாளைக்கு மாத்திருவாங்க. மாத்துனாலும், சாம்பிராணி நேரத்துல நான் அமத்தத்தான் செய்வேன். ஒங்ககிட்ட மறைக்க ஒண்ணுமில்ல. கூட்டிக்கிட்டுப் போகணும்னா சொல்லுங்க."

சொல்லி முடித்துவிட்டுச் சுவிட்சின் பக்கத்திலேயே நின்றான்.

சாம்பிராணிப் புகை எழும்பியது. ஸமீரா பிள்ளையைக் குப்புறப் பிடித்துப் புகையில் காட்டினாள். அப்துல் சமது சட்டைப் பொத்தானை ஒன்று, இரண்டு என்று அவிழ்த்தார். சுவரில் பெட்டி முப்பத்தாறு காட்டியது. முப்பத்தேழு. ஏஸி வாய் திறக்கவில்லை.

"நீ என்னம்மா சொல்றே?" என்று இன்ஷாவைக் கேட்டார்.

இன்ஷா காதுப் பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள். குல்லாவையும் கழற்றிக் கட்டிலில் போட்டாள். "மாமா, ஏஸி நிக்கிற நேரத்துல மட்டுந்தான் ஸமீரா மச்சி என்னைய இதையெல்லாம் கழட்ட விடுவாங்க. ஒங்க வீட்டுல இருபதுல ஓடும். அங்க வந்தா மாமி எனக்குக் கம்பளியே போத்திவிடுவாங்க. நாப்பது முடியட்டும். காக்கா அனுப்பறப்ப வர்றேன்."

பெரியவர் எழுந்து தொட்டில்பக்கம் போனார். பேரனின் கழுத்து மடிப்பில் விரல் வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. பிள்ளை கொட்டாவி விட்டது.

"சட்டிய எடும்மா, போதும்," என்றார். பிறகு சுவரைப் பார்த்தார். "இது எவ்வளவுக்கு எறங்குனா ஏஸியப் போடலாம்?"

"முப்பத்திரண்டுக்குக் கீழ மாமா."

ஸமீரா சட்டியை அடுப்படிக்குக் கொண்டுபோனாள். சர்ஃபராஸ் சன்னலைத் திறந்தான்; பொழுது சாய்ந்து வெளியே காற்று ஆறியிருந்தது. எல்லாரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்பத்தாறு. வெகு நேரம் முப்பத்தாறு. அப்துல் சமதுவுக்குப் பொறுமை போதவில்லை. குட்டிச் சட்டைகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு, காலி அட்டைப்பெட்டியின் மூடியைப் பிய்த்து, சுவரில் இருந்த பெட்டிக்கு விசிற ஆரம்பித்தார். க்யிம்யிண்டைங்கில் பாதிப் பேருக்குக் கைலி விற்கிற மனுஷன், வேர்த்த பனியனோடு, ஒரு சோப்புப்பெட்டிக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"மாமா, குடுங்க, நான் விசிறுறேன்."

"நீ மூட்ட தூக்குனவன், போய் ஒக்காரு. முப்பத்தஞ்சு. பாத்தியா, எறங்குது."

இன்ஷா தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த ஸமீரா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முப்பத்துமூன்றில் அது கொஞ்ச நேரம் அடம்பிடித்தது. பெரியவர் கை மாற்றிக்கொண்டார். முப்பத்தொன்று என்று எண் மாறியதும், "போடு," என்றார்.

சர்ஃபராஸ் சுவிட்சைப் போட்டான். ஏஸி செருமிக்கொண்டு எழுந்து, பெட்டி சொன்னபடி, இருபத்தெட்டில் சாதுவாக ஓட ஆரம்பித்தது. போனில் எந்தச் செய்தியும் வரவில்லை.

டீ குடித்துவிட்டு அப்துல் சமது கிளம்பினார். சர்ஃபராஸ் கூடவே இறங்கினான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பெரியவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூணுல ஒரு பங்கா கழிக்கிறான்?"

"ஆமா மாமா."

"க்யிம்யிண்டைங் பக்கம் வருவானா அந்தக் கம்பெனிக்காரன்? என் ஜெனரேட்டரு டீசலு குடிக்கிற குடிக்கு நான் கைலி வித்துக் கட்டுப்படியாகல."

"நாளைக்கு வருவான், கேட்டுச் சொல்றேன்."

"கேளு." மறுபடி இறங்க ஆரம்பித்தார். "நாப்பதாம் நாளு சாப்பாடு எங்க பக்கம். ஒங்க துறை ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு வா. வண்டி அன்னைக்கு அனுப்புறேன்."

வண்டி தெருமுனை திரும்புகிற வரை சர்ஃபராஸ் நின்று பார்த்தான். நாலு மாடியையும் ஒரே மூச்சில் ஏறினான். இன்ஷா காலுறை இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். ஸமீரா புதுச் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டாரா?"

"போயிட்டாரு."

"தனியாத்தானே?"

"தனியாத்தான்," என்று சொல்லிவிட்டு அவன் ஏஸிக்கு நேர் கீழே, பெரியவர் உட்கார்ந்த நாற்காலியில், முதல் தடவையாகக் காலை நீட்டி உட்கார்ந்தான்.